பல்லவியில் துதி, சரணத்தில் வாழ்க்கை

விவிலியத்தின் 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். கடவுளின் கிருபையைச் சொல்லும் ஒரே வரி, வசனந்தோறும் பிற்பாதியில் திரும்பி வருகிறது. முற்பாதிகளில் வானமும் பூமியும் உண்டானது, எகிப்திலிருந்து விடுதலை, வனாந்தரப் பயணம் என்று அவர் செயல்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசை முடியும் இடம் கவனிக்கத்தக்கது. கடலைப் பிளந்த கதையெல்லாம் சொன்ன பிறகு, எல்லா உயிருக்கும் உணவு தருபவர் என்று 25ஆம் வசனம் அடுப்படிக்கு வந்து சேர்கிறது.

கீர்த்தனை கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. சரணங்கள் நிகழ்ச்சிகளை அடுக்க, பல்லவி துதியாகத் திரும்பும். தமிழ்க் கிறிஸ்தவப் பாடலின் 300 ஆண்டு வரலாற்றில் பல்லவியின் பொருள் பெரிதாக மாறவில்லை. சரணங்களில் எண்ணப்படுபவைதாம் மாறிவந்திருக்கின்றன. பாடியவர்கள் யார், அவர்கள் அன்றாடம் எப்படி இருந்தது என்பதை அந்த மாற்றத்தில் படிக்கலாம்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்கே வேர்விட்ட லுத்தரன் சபை, ஜெர்மன் மெட்டுகளிலேயே தமிழில் பாடத் தொடங்கியது. பின்னர் வந்த ஃபப்ரீஷியஸ் (1711–1791) மொழிபெயர்த்த பாட்டுகள் ஞானப்பாட்டு என்ற பெயரில் நிலைத்தன. இறையியல் பிசகாதவை அவை. ஆனால் அந்நிய மெட்டுக்கு அசை கூட்டும்போது நெடில் குறுகும், குறில் இழுபடும். கோயிலில் நின்று பாடுவதற்குப் பொருந்திய அவை, வேலைக்கு நடுவே தானாக வாயில் வருவது அரிது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் உடன்பயின்றவர். அரசவையும் இந்துக் கோயிலும் கொண்டாடிய வடிவங்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தியும் உண்டு, கோள்கள் சூரியனைச் சுற்றும் அன்றைய புதிய வானியலும் உண்டு. ‘ஞானத்தச்ச நாடக’த்தில் கடவுளே தச்சர். இவரிடம் சரணத்தின் பொருள் படைப்பு முழுவதும். உலகம் எப்படி இயங்குகிறது என்று அறிவதும் துதியின் பகுதி என்ற துணிவு இவருக்கு இருந்தது. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் வெளியிட்ட தொகுப்பின் வழியே இந்தக் கீர்த்தனை மரபு தஞ்சைக்கு வெளியேயும் பரவியது.

அடுத்த தலைமுறையில் சரணம் இரண்டு திசைகளில் பிரிகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) உள்ளே திரும்புகிறார். ‘இரட்சணிய மனோகர’த்தில் அவர் எண்ணுவது தன் ஆன்மாவில் நடந்தவற்றை. ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நெகிழ்ச்சி அதில் அப்படியே இருக்கிறது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வெளியே பார்க்கிறார். கத்தோலிக்கரான அவர் எழுதிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எந்த மதத்தாரும் பாடத்தக்கது. தாது வருஷப் பஞ்சம் (1876–78) நாட்டை வாட்டியபோது மழையும் சோறும் கேட்டுக் கீர்த்தனை பாடினார். நன்றி சொல்ல ஒன்றுமில்லாத காலத்தில் துதி முறையீடாக மாறும் என்பதற்கு அவை சான்று.

ஏட்டில் ஏறாத துதியும் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். இதுதான் கைப்பிடி அரிசிக் காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் பீடத்தருகே வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும். ஒற்றைப் பூசணிக்காகப் போட்டி போட்டு விலையேற்றுவதும் அங்கே காணிக்கைதான். சபையின் பொது விருந்தான அசனத்தில் ஊரே பந்தியில் உட்காரும். 25ஆம் வசனத்துக்குத் தமிழ்க் கிராமம் எழுதிய உரை என்று இவற்றைக் கொள்ளலாம்.

இந்த உரையைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்ற பெயரில் பாடல் எழுதிய அவர், கீர்த்தனையின் வடமொழி கலந்த நடையும் கர்நாடக இசையும் ஒடுக்கப்பட்டோர் வாழ்வுக்கு எட்டாதவை என்று வாதிட்டார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையே அமைத்தார். சாதி பாராமல் ஒரே உலையில் பொங்கி உண்பது அவருடைய இறையியலின் மையம். இங்கே சரணம் சோற்றோடு நிற்பதில்லை. அந்தச் சோறு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்றும் எண்ணத் தொடங்குகிறது.

ஒலிநாடா இன்னொரு திருப்பம். சாரா நவரோஜி, தந்தை பெர்க்மான்ஸ் போன்றோரின் பாடல்கள் சபை எல்லைகளைத் தாண்டின. சொற்கள் எளிமையாயின, சமையலறையிலும் பேருந்திலும் துதி ஒலித்தது. கூடவே ‘ஆயிரம் ஸ்தோத்திரம்’ வகைச் சிறு புத்தகங்கள் வீடுதோறும் வந்தன. விவிலியத்தில் கடவுளுக்கு வழங்கும் பெயர்களையும் அவர் செயல்களையும் ஒற்றை வரித் துதிகளாக எண்ணிட்டுத் தரும் இவை, கதையைக் கழித்துவிட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்ட சரணங்கள்.

இந்தக் காலத்தின் பேறு, யாரும் எங்கும் பாடலாம் என்பது. இழப்பும் இருக்கிறது. புதிய பாடல்களில் பெரும்பாலும் ‘எங்களுக்கு’ என்பது ‘எனக்கு’ ஆயிற்று. வேலை, சுகம், வீடு, விசா என்று தனி மனிதருக்குக் கிடைத்த நன்மைகளே எண்ணப்படுகின்றன. சங்கீதப் புத்தகத்தின் அளவுகோல் வேறு. 105ஆம் சங்கீதம் கடவுள் செய்த நன்மைகளைச் சொல்லித் துதிக்கும். அதை அடுத்த 106, அதே வரலாற்றை எடுத்துக்கொண்டு, மக்கள் அவரை மறந்து செய்த பிழைகளைச் சொல்லும், அதுவும் துதியில் தொடங்கித் துதியில்தான் முடிகிறது. தொகுத்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்தார்கள்.

நம் மரபில் 105க்குப் பஞ்சமில்லை, 106தான் குறைவு. கோயிலுக்குள் சாதி பார்த்து உட்கார்ந்ததும் கல்லறைத் தோட்டத்தைச் சுவர் வைத்துப் பிரித்ததும் நம் சபை வரலாற்றில் உண்டு. அவற்றைச் சரணத்தில் ஏற்றிப் பாடியவர்கள் அப்பாவுவைப் போல ஒரு சிலரே. நன்மைகளை மட்டும் நினைவுகூரும் துதி பாதிக் கணக்கையே காட்டுகிறது. மீதிப் பாதிக்கும் மெட்டமைப்பது இனிவரும் பாடலாசிரியர்களின் பொறுப்பு.