பெட்டிக்குள் பூட்டா, தண்டவாளத்தில் பூட்டா?

சிக்னல் மெயின்டெயினரிடம் சின்ன இரும்புத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். கனம் 5 மி.மீ. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்டைச் சோதிக்கும்போது, நகரும் டங் ரெயிலின் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, அதற்கும் அசையாத ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே அந்தத் துண்டைச் செருகி வைப்பார். பிறகு பாயிண்ட்டைப் போடச் சொல்வார். மோட்டார் ஓடும். டங் ரெயில் நகர்ந்து வந்து இரும்புத் துண்டில் முட்டி நிற்கும். ஃபிரிக்ஷன் கிளட்ச் வழுக்கும். பூட்டு விழக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டரின் பேனலில் பாயிண்ட் அமைந்துவிட்டதாக அறிகுறி வரக் கூடாது. வந்தால் அந்தப் பாயிண்ட் ரயிலை விடத் தகுதியற்றது.

இந்திய ரயில்வேயில் அன்றாடம் நடக்கும் இந்தச் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: நுனியில் இடைவெளி இருக்கும்போது பூட்டு ஏமாறுகிறதா? பூட்டையும் தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புகள் உறுதியாக இருக்கின்றனவா என்று அது கேட்பதில்லை. பாயிண்ட் பூட்டுகளை ஒப்பிட்டு எடைபோட வேண்டுமானால், கேட்கப்படாத அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூட்டு எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ரயில் பாயிண்ட்டின் நுனிக்கு எதிர்முகமாக வரும்போதுதான் ஆபத்து அதிகம். கூராகச் சீவிய டங் ரெயில் ஸ்டாக் ரெயிலோடு ஒட்டாமல் விலகி நின்றால், சக்கரத்தின் விளிம்பு அந்த இடுக்கில் நுழைந்துவிடும். ரயில் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே டங் ரெயில் அசைந்தாலோ, முன்பெட்டி ஒரு பாதையிலும் பின்பெட்டி இன்னொரு பாதையிலும் போகும். 1873 ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து நோக்கிச் சென்ற சுற்றுலா ரயிலின் பின்பகுதி, இங்கிலாந்தின் விகன் நிலையத்தில் எதிர்முகப் பாயிண்ட் ஒன்றில் தடம் புரண்டு 13 பேர் இறந்தனர். மெயின் லைனில் எதிர்முகப் பாயிண்ட் வைக்கவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அஞ்சினார்கள். ரயிலை முன்னே விட்டுப் பின்னோக்கித் தள்ளிப் பக்கத்து லூப் பாதையில் ஏற்றினாலும் ஏற்றுவார்களே தவிர, நேராக நுழையவிட மாட்டார்கள். அந்த அச்சத்தைப் போக்கியது பூட்டுதான்.

பிரிட்டிஷ் மரபில் அந்தப் பூட்டு இரண்டு டங் ரெயில்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் விழுந்தது. ஸ்ட்ரெச்சர் பார் எனப்படும் அந்தச் சட்டத்தில் பள்ளம் வெட்டி, பாயிண்ட் சரியாக அமைந்தால் மட்டும் ஒரு முளை அதற்குள் நுழையும்படி செய்தார்கள். மின்சார பாயிண்ட் மெஷின் வந்த பிறகு அதே ஏற்பாடு பெட்டிக்குள் போயிற்று. நம் நாட்டுச் சுழல்வகை மெஷினிலும் பெட்டிக்குள்ளே நகரும் சட்டங்களின் பள்ளத்தில்தான் பூட்டு விழுகிறது. டங் ரெயில் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. பூட்டுக்கும் அதற்கும் நடுவே கம்பி, முனை இணைப்பு, போல்ட், நட்டு எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பூட்டின் பலம் இந்த வரிசையில் எது பலவீனமானதோ அதன் பலம்தான்.

ஜெர்மானிய மரபு வேறு வழியில் போனது. தண்டவாளத்தைத் தண்டவாளத்தோடு பூட்டு என்பது அதன் கொள்கை. முதலில் கொக்கி, பின்னர் கிளாம்ப். இன்று இந்தியாவில் அதிவேகப் பாதைகளில் தடித்த டங் ரெயில்களோடு பொருத்தப்படும் கிளாம்ப் லாக் இந்த வழியில் வந்ததே. ஒவ்வொரு டங் ரெயிலிலும் கீல் வைத்த ஒரு பூட்டுக்கை தொங்குகிறது. ஸ்டாக் ரெயிலில் அதற்கான தாங்கி இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் அடியில் ஓடும் சட்டம் நகரும்போது, மூடிய பக்கத்தின் பூட்டுக்கை ஸ்டாக் ரெயில் தாங்கியைக் கவ்விக்கொள்கிறது. அடியில் உள்ள சட்டமே அந்தக் கை கீழே விழாமல் தாங்கி நிற்கிறது. பாயிண்ட் மாறும்போது திறந்த பக்கத்து டங் ரெயில் முதலில் கிளம்பும். மூடிய பக்கம் அப்போதும் கவ்வியபடியே நிற்கும். பிறகு அது விடுபடும், இரண்டும் சேர்ந்து நகரும், எதிர்ப்பக்கம் கவ்வும். மெஷின் 220 மி.மீ. தள்ளினாலும் டங் ரெயில் திறப்பது 160 மி.மீ.தான். மீதி 60 மி.மீ. முழுவதும் பூட்டவும் திறக்கவுமே செலவாகிறது. பழைய சுழல்வகை மெஷினில் இந்தக் கணக்கு 143 மி.மீ. தள்ளலுக்கு 115 மி.மீ. திறப்பு.

முதல் அளவுகோல்: பூட்டு எதைப் பிடித்திருக்கிறது? இதில் கிளாம்ப் லாக் தெளிவாக வெல்கிறது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடந்த கால் நூற்றாண்டின் இரண்டு பிரிட்டிஷ் விபத்துகள் போதும்.

2002 மே 10 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கிங்ஸ் லின் நோக்கிச் சென்ற ரயிலின் கடைசிப் பெட்டி பாட்டர்ஸ் பார் நிலையத்தை ஒட்டித் தடம் புரண்டு நடைமேடையில் ஏறியது. ஏழு பேர் இறந்தனர். 2182ஏ என்ற பாயிண்ட்டின் ஸ்ட்ரெச்சர் பார்களில் நட்டுகள் கழன்றிருந்தன. பூட்டோடு சேர்ந்த சட்டம் முறிந்தது. ரயிலின் அடியிலேயே பாயிண்ட் மாறியது. ஐந்தாண்டு கழித்து, 2007 பிப்ரவரி 23 அன்று, கிரேரிக்கில் பெண்டோலினோ ரயில் மணிக்கு சுமார் 150 கி.மீ. வேகத்தில் வந்தபோது, திறந்த பக்கத்தில் இருக்க வேண்டிய டங் ரெயில் இணைப்புகள் அறுந்துபோய் ஸ்டாக் ரெயிலை நோக்கி நகர்ந்திருந்தது. இரண்டு டங் ரெயில்களுக்கும் இடையே குறுகிய வழியில் சக்கரங்கள் சிக்கின. ஒரு பயணி இறந்தார். இரண்டு இடங்களிலும் பூட்டு பெட்டிக்குள் இருந்த வகை. பூட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த இரும்புதான் கைவிட்டது. கிரேரிக்கில் மூடிய டங் ரெயில் அல்ல, திறந்த டங் ரெயிலே ஆளைக் கொன்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மூடியதைப் பூட்டினால் போதும், திறந்தது குறுக்குச் சட்டத்தோடு தானாக இழுபட்டு நிற்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. கிளாம்ப் லாக்கில் திறந்த டங் ரெயிலுக்கும் தனிப் பூட்டுக்கை உண்டு. அது சட்டத்தோடு பிணைந்தே நிற்கிறது.

பெட்டிப் பூட்டை ஆதரிப்பவர்களின் மறுமொழியைத் தள்ளிவிட முடியாது. பலவீனம் ஸ்ட்ரெச்சர் பாரில் என்றால் ஸ்ட்ரெச்சர் பாரை மாற்றுங்கள், பூட்டை ஏன் மாற்றுகிறீர்கள் என்கிறார்கள். பிரிட்டன் கிரேரிக்குக்குப் பின் அதைத்தான் செய்தது: தட்டையான பழைய சட்டங்களை விட்டுக் குழாய்வடிவ ஸ்ட்ரெச்சர் பார்களுக்கு மாறியது. அது சரியான திருத்தம். ஆனால் அந்தத் திருத்தம் வரிசையில் ஒரு கண்ணியை வலுவாக்கியது, வரிசையைச் சுருக்கவில்லை. உயிர்காக்கும் அமைப்பில் கண்ணிகளைக் குறைப்பதே சிறந்தது என்பது என் கட்சி.

இரண்டாவது அளவுகோலில் தராசு அவ்வளவு சாயவில்லை. பூட்டு விழுந்தது உண்மையா என்பதைப் பேனலுக்குச் சொல்வது டிடெக்ஷன். பெட்டிக்குள் பூட்டியிருந்தாலும் கிளாம்ப்பில் பூட்டியிருந்தாலும், டிடெக்ஷன் கம்பி டங் ரெயிலின் நுனியோடு தனியாக, அதைத் தள்ளும் ஓட்டும் கம்பிக்குச் சம்பந்தமில்லாமல் இணைந்திருந்தால்தான் அது உண்மை பேசும். ஓட்டும் கம்பி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தால், கம்பி போய்ச் சேர்ந்திருக்கும், டங் ரெயில் போயிருக்காது. இது பூட்டு வகையைப் பொறுத்ததல்ல, இணைப்பைப் பொறுத்தது. கிளாம்ப் லாக்கின் ஆதரவாளர்கள் இந்த நன்மையையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். அது அவர்களுடையதல்ல.

மூன்றாவது: காலத்தாலும் வெயிலாலும் பூட்டு எப்படிக் கெடுகிறது? இங்கே கிளாம்ப் லாக் நேர்மையாகவே தோற்கிறது. சுழல்வகை மெஷின் இரும்புப் பெட்டிக்குள், கிரீஸ் போட்டு, மூடிபோட்டு, பாதையோரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிளாம்ப் லாக்கோ ஸ்லீப்பர்களுக்கு நடுவே, தண்டவாளத்தின் அடியில் திறந்து கிடக்கிறது. ஜல்லி உருண்டு விழுகிறது, தூசி படிகிறது, மழையில் கிரீஸ் கரைகிறது. பயோ டாய்லெட் வருமுன் ரயில் பெட்டிகளின் கழிவும் அதன் மேலேயே விழுந்தது. துருவுக்கு அது போதும். இதைவிடக் கடினமானது வெப்பம். சுமார் 10 மீட்டர் நீளமுள்ள டங் ரெயில் அதன் அடிமுனையில் கட்டுண்டு நுனிப்பக்கம் விடுபட்டு நிற்கிறது. தண்டவாளத்தின் சூடு 40 டிகிரி ஏறினால், எஃகு விரியும் விகிதத்தில் அதன் நுனி நீளவாக்கில் ஏறக்குறைய 4.6 மி.மீ. நகரும். பக்கத்தில் நிற்கும் ஸ்டாக் ரெயில் பாதையோடு பிணைந்திருப்பதால் அந்த அளவுக்கு நகராது. டங் ரெயிலில் தொங்கும் பூட்டுக்கையும் ஸ்டாக் ரெயிலில் உள்ள தாங்கியும் ஒன்றையொன்று விட்டு நீளவாக்கில் விலகுகின்றன என்பது இதன் பொருள். தாங்கியில் இதற்கு இடம் விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். ஆனாலும் அமைப்பு விளிம்பில் இருந்தால் கோடை மதியத்தில் உரசும், இறுகும், ஒருநாள் பூட்டாது. பூட்டாமல் நிற்பது பாதுகாப்பான தோல்விதான். சிக்னல் சிவப்பாகவே நிற்கும். ஆனால் சிக்னல் சிவப்பாக நின்றவுடன் அடுத்த கட்டம் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தைத்தான் இந்த விவாதத்தில் எல்லோரும் மறக்கிறார்கள்.

பாயிண்ட் பழுதானால் ரயில் அங்கேயே நின்றுவிடாது, மனிதர்கள் வருவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கிராங்க் ஹேண்டிலை எடுக்கிறார். அது வெளியே வந்தால் அந்தப் பாயிண்ட் வழியே போகும் சிக்னல்களைச் சிவப்பிலிருந்து மாற்ற முடியாது. பாயிண்ட்ஸ்மேன் ஹேண்டிலைச் சுழற்றிப் பாயிண்ட்டை அமைத்து, கனமான இரும்புக் கிளாம்ப்பை டங் ரெயிலையும் ஸ்டாக் ரெயிலையும் சேர்த்துப் பிடிக்கும்படி மாட்டி, பூட்டு போட்டு, சாவியோடு திரும்புவார். அதன்பிறகு டிரைவருக்குச் சிவப்பைத் தாண்டும் அதிகாரம் எழுத்தில் போகும். நள்ளிரவில், மழையில், பின்னால் மூன்று ரயில் காத்து நிற்கும்போது இதைச் சரியாகச் செய்ய வேண்டும். எந்தப் பூட்டு அடிக்கடி தவறாக மறுக்கிறதோ, அது இந்த நிலைக்கு ஊழியர்களை அடிக்கடி தள்ளுகிறது. கிளாம்ப் லாக்கின் பராமரிப்பு சரியில்லாத இடத்தில், அதன் மேலான பாதுகாப்பு இந்தப் பின்வாசல் வழியாக வடிந்துபோகும்.

இந்தியாவில் நடந்த வேறு இரண்டு விபத்துகளை இந்தத் தராசில் வைக்கக் கூடாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானாகா பஜாரில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்குப் பச்சை பெற்றும் லூப்பில் நுழைந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே பாயிண்ட் லூப்புக்கு அமைந்திருந்தது. லெவல் கிராசிங் கேட் வேலையின்போதும் அதற்கு முன்பும் சிக்னல் சுற்றுகளில் நடந்த பிழையான இணைப்பு, அது மெயினுக்கு இருப்பதாகக் காட்டியது. பூட்டு தன் வேலையைச் செய்தது. 2024 அக்டோபர் 11 இரவு திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸுக்கும் அதுவே நேர்ந்தது: மெயினுக்குச் சிக்னல், ரயில் லூப்பில், முன்னே சரக்கு ரயில். உயிரிழப்பு இல்லாமல் தப்பியது பெரும் பாக்கியம். கருவி தானாகப் பழுதாகவில்லை, டங் ரெயிலின் பாகங்கள் வேண்டுமென்றே கழற்றப்பட்டன என்ற முடிவுக்கே ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வந்தது. ஸ்பேனரோடு வருபவனை எந்த வகைப் பூட்டும் தடுக்காது. பெட்டிப் பூட்டின் போல்ட்டைக் கழற்றுபவன் கிளாம்ப்பின் தாங்கியையும் கழற்றுவான். இந்த இரண்டையும் காட்டி ஏதோ ஒரு பூட்டை வாங்கச் சொல்பவர், சிக்னல் சுற்றுகளை மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் பாதைக் காவலையும் பேசாமல் தப்பிக்கிறார்.

என் தீர்ப்பு இது. மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் ரயில் எதிர்முகமாக ஓடும் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் பூட்டு தண்டவாளத்திலேயே இருக்க வேண்டும். பாட்டர்ஸ் பாரும் கிரேரிக்கும் இதற்கு மேல் விவாதத்துக்கு இடம் வைக்கவில்லை. யார்டுகளிலும், ரயில் மெதுவாக ஊர்ந்து போகும் தடங்களிலும் பெட்டிப் பூட்டே போதும். அங்கே கிளாம்ப்பைத் திணித்தால் பராமரிப்புக் கைகள்தான் சிதறும். மெயின் லைனில் கிளாம்ப் போடும்போதும் இரண்டு நிபந்தனை வேண்டும். டிடெக்ஷன் கம்பிகள் இரண்டு டங் ரெயில் நுனியோடும் தனித்தனியே இணைந்திருக்க வேண்டும். தாங்கியின் போல்ட் இறுக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் போதாது. டார்க் ஸ்பேனர் வைத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனியாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். 5 மி.மீ. சோதனை எப்படிக் கட்டாயமோ, அதே அதிகாரத்தோடு இந்தச் சோதனையும் கட்டாயமாக வேண்டும், தவறினால் வேகக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு. இந்த இரண்டும் இல்லாமல் பூட்டை மட்டும் மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.