ஜன்னல்களும் வாசகனும்

நாவல், சிறுகதை பற்றி எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கம்ப்யூட்டர் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு அந்தத் துறையில் படிப்புக் கிடையாது. கல்லூரியில் இருந்ததே இரண்டு வருஷம், படித்தது சரித்திரம். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது. ஏற்பட்டால் சொல்லிவிடுவது என் வழக்கம்.

என் பழைய லாப்டாப்பின் இயங்குதளத்துக்கு ஆயுள் முடிந்தது. புதிய பதிப்பைத் தாங்க இயந்திரத்துக்குச் சக்தி போதாது என்றார்கள். அதில் 200 பக்கம் எழுதிய நாவல் ஒன்று இருந்தது. என் அக்கா மகன் யோசனைப்படி லினக்ஸைப் போட்டேன். திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று அறிவித்தது. அணைத்துத் திறந்தேன். திரை கறுப்பாக இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தும் கறுப்பு மாறவில்லை. நாவல் டிஸ்க்கின் வேறொரு பகுதியில் இருந்தது, அதை நான் தொடவில்லை என்பது தெரியும். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்க மாமா. மெஷின் செத்துப்போகலை. அதுக்குப் படம் காட்டத் தெரியலை, அவ்வளவுதான்" என்றான் அவன் போனில். ஆரம்பப் பட்டியலில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற வார்த்தையைச் சேர்த்து, எஃப் 10 பொத்தானைத் தட்டச் சொன்னான். திரை பிழைத்தது. பிறகு 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளை மூலம், முந்தைய தடவை இயந்திரம் எழுதி வைத்த குறிப்பைப் படிக்கச் சொன்னான். நூற்றுக்கணக்கான வரிகள். நடுவே சிவப்பாக ஒரு வரி: படம் காட்டும் சில்லுக்கு வேண்டிய இன்ன கோப்பு கிடைக்கவில்லை. கோப்பின் பெயரும் இருந்தது. போனைக் கம்பியால் இணைத்து, இன்டர்நெட்டிலிருந்து அந்தக் கோப்பை வரவழைத்தோம். மறுமுறை திறந்தபோது, அந்த வார்த்தையின் உதவி இல்லாமலே திரை வந்தது.

அந்தச் சிவப்பு வரியை நான் நல்ல வசனம் என்று சொல்லுவேன். என்ன குறைகிறது, எங்கே குறைகிறது என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. ஆறுதல் சொல்லவில்லை, அலட்டிக்கொள்ளவும் இல்லை. படிக்கிறவனுக்கு மூளை இருக்கிறது என்று நம்பி எழுதிய வரி அது.

இதே அளவுகோலை வைத்துக்கொண்டு விண்டோ மானேஜர்களைப் பார்க்கத் தொடங்கினேன். திரையில் ஜன்னல்களை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று தீர்மானிக்கும் புரோகிராமுக்கு அந்தப் பெயர். 1984இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் என்ற ஏற்பாடு, ஜன்னல்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் தான் தலையிடாமல், அதை வேறொரு புரோகிராமின் பொறுப்பில் விட்டுவிட்டது. ஆகவே அவரவர் ருசிப்படி எழுத ஆரம்பித்தார்கள். இன்று எக்ஸின் இடத்தை வேலண்ட் பிடித்து வருகிறது. ருசிகள் பலவாகவே இருக்கின்றன. ருசி பலவாக இருக்கும் இடத்தில் விமரிசனத்துக்கும் வேலை உண்டு.

முதலாவது ஜினோம். விண்டோ மானேஜர் மட்டுமல்ல, முழு வீடு. 1997இல் மிகுவல் டி இகாஸாவும் ஃபெடெரிகோ மேனாவும் தொடங்கியது. 2011 ஏப்ரலில் வந்த மூன்றாம் பதிப்பில், ஜன்னலைச் சுருக்கும் பொத்தானையே கண்ணில் படாமல் எடுத்துவிட்டார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு வேறிடம் போனார், 2013இல் திரும்பினார். ஜினோம் அழகானதுதான். ஆனால் அது விழுந்துவிட்டால், முகம் வாடிய ஒரு கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி, ஐயோ, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, வெளியே போய் மறுபடி முயலுங்கள் என்கிறது. என்ன தவறு என்று அந்தத் திரை சொல்லுவதில்லை. நமது வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் பலவற்றின் குணம் இது. வாசகன் குழந்தை, அவனுக்கு எதையும் விளக்கிப் பயனில்லை என்ற எண்ணம். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஆர்க்கா, ஜினோமின் நிழலில் வளர்ந்தது. எல்லோரையும் நினைத்து எழுதுகிறவர்களால்தான் அது முடியும்.

இரண்டாவது டி.டபிள்யூ.எம். 2006இல் வந்தது. மூல நிரல் 2,000 வரிகளைத் தாண்டக்கூடாது என்று விரதம். ஒரு நிறத்தை மாற்றுவதானாலும் மூலத்தைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதனால் தங்கள் கூட்டம் சிறியதாகவும் உயர்ந்ததாகவும் இருக்கும், புதியவர்கள் அசட்டுக் கேள்வியோடு வரமாட்டார்கள் என்று அதை எழுதியவர்களே பெருமையோடு அறிவித்திருக்கிறார்கள். சிக்கனமான, சுத்தமான எழுத்துத்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெருமையின் வாசனை எனக்குப் பழக்கமானது. ஐந்து பேர் படித்தால் போதும் என்று இருபது வயதில் நானும் சொல்லித் திரிந்தேன். ஆறாவது ஆள் வரவில்லையே என்ற வருத்தம்தான் அப்படிப் பேச வைத்தது.

மூன்றாவது ஐ3. ஜெர்மானியரான மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009இல் தொடங்கியது. ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று கவியாமல், தரையில் பதித்த ஓடுபோலப் பக்கத்துப் பக்கத்தில் அமைகின்றன. விருப்பங்களைச் சாதாரணக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறோம். அதில் நான் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதினேன். திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை ஒன்று தோன்றியது. உன் கோப்பில் பிழை இருக்கிறது என்று சொல்லி, இரண்டு பொத்தான்களை நீட்டியது: ஒன்று திருத்த, ஒன்று பிழையைப் பார்க்க. எத்தனையாவது வரி, அங்கே எந்த வார்த்தைகள் வரலாம் என்ற விவரமெல்லாம் உள்ளே இருந்தது. இதற்குள் என் மற்ற ஜன்னல்கள் எதுவும் கலையவில்லை. குறையும் உண்டு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானுக்கு நானே வரி எழுத வேண்டியிருந்தது. பொறுமையில்லாதவர்களுக்கு ஒத்து வராது. ஆனாலும் மூன்றில் இதுவே சிறந்தது என்பேன். ஜினோம் வாசகனைக் குழந்தையாக்குகிறது. டி.டபிள்யூ.எம். அவனை வாசலிலேயே நிறுத்துகிறது. ஐ3 உட்காரச் சொல்லி, விஷயத்தைச் சொல்லுகிறது.

நாவல் பத்திரமாக இருந்தது. ஐ3இல் திறந்து முதலிலிருந்து படித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் ஒருவன் மனைவி மக்களை விட்டு ஊரைவிட்டுப் போகிறான். ஏன் போகிறான் என்று எனக்கே தெரியாததால், விதி என்றும் மனசு என்றும் நாலு பக்கம் மழுப்பியிருந்தேன். சுருக்கிப் பார்த்தால், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.