'சூதாடி'யும் பூச்சியமும்

தொஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' (1866) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் உளவியல் நுட்பத்தை வியப்பதோடு அமைந்துவிடுவர். கடன் நெருக்கடியிலே 26 நாள்களில் சுருக்கெழுத்தாளரான அன்னாவுக்குச் சொல்லி எழுதுவித்த வரலாறும் தவறாது கூறப்படும். ஆனால், அந்நாவல் ஒருவனது வெறியை மட்டுமன்றி ஒரு தொழிலையும் காட்டுகின்றது. இது போதியளவு அவதானிக்கப்படவில்லை என்றே தோன்றுகின்றது.

கற்பனை நகரான றூலட்டன்பேர்க்கின் சூதுமேசைக்கு வரும் கிழவி, பூச்சியம் என்றால் என்னவென்று வினவுகிறாள். அது விடுதியின் இலாபம் என்கிறான் அலெக்சி. தொழிலின் சூட்சுமம் முழுவதும் இவ்விடையில் அடங்கியுள்ளது. சக்கரத்திலே 1 முதல் 36 வரையான எண்களும் ஒரு பூச்சியமுமாக 37 குழிகள். ஓர் எண்ணிலே ஒரு நாணயம் வைத்து வென்றவனுக்கு அந்நாணயத்துடன் மேலும் 35 கிடைக்கும். எல்லாக் குழிகளுக்கும் ஒவ்வொரு நாணயம் வைப்பவன் 37 கொடுத்து 36 பெறுவான். எஞ்சிய ஒன்று, அதாவது 2.7 சதவீதம், விடுதிக்கு. கிழவி பூச்சியத்திலேயே பணம் வைத்து வெல்லும்போது, முதலாளியின் அதிர்ஷ்டத்தையே அவள் பறித்துவிட்டாள் என வாசகன் மயங்குகிறான். பூச்சியத்துக்கும் 35 மடங்குதான். அங்கும் அதே கழிவு. சகுனிக்கு வஞ்சகக் கவறு வேண்டியிருந்தது. கசினோ முதலாளிக்கோ நேர்மையான சக்கரமே போதும். வென்றவன் மீண்டும் வந்து அமர்வதொன்றே அவனுக்கு வேண்டியது. 1843இல் ஹொம்பேர்க்கில் பிரான்சுவா பிளாங் இரு பூச்சியங்களுள் ஒன்றை நீக்கித் தன் பங்கைக் குறைத்ததும் தயாளத்தினாலன்று: கழிவு குறைந்தால் கூட்டம் பெருகும் என்ற வணிகக் கணக்கே அது.

இங்கேதான் நாவலின் முரண்பாடு தலைதூக்குகின்றது. கணக்கை அறிந்த அலெக்சி, ஒரு மணிநேரம் மனவுறுதியோடு இருந்தால் விதியையே மாற்றலாம் என நம்புகிறான். 1863இல் எழுதிய கடிதமொன்றிலே, தன்னை அடக்கிக்கொள்வதே வெற்றியின் இரகசியம் என்று ஆசிரியரும் கூறியுள்ளார். விடுதிக்கு இதனினும் உகந்த தத்துவம் வேறில்லை. தோற்றவன் சக்கரத்தை நோகான். தன் பலவீனத்தையே நோவான். உளவியலோடு நின்றுவிடும் விமர்சனமும் அறியாமலே இத்தத்துவத்துக்குத் துணைபோகின்றது.

எனினும், நாவல் தன் நாயகனை மறுத்துரைக்கின்றது. அதன் பாத்திரங்களுள் மனவுறுதி மிக்கவள் அக்கிழவியே. உறவினரின் சொல்லுக்கு இணங்காதவள், எவருக்கும் அஞ்சாதவள். அவ்வுறுதியே வென்ற பின்னரும் அவளை மேசைக்கு இட்டுவந்து, கையிலிருந்த பணம் அனைத்தையும் இழக்கச் செய்கின்றது.