போரிஸ் காஃப்மன்: அழகு சாராத ஒளி

ஒளிப்பதிவைப் பற்றிச் சொல்ல விமர்சகனிடம் உள்ள ஒரே வார்த்தை 'அழகு'. போரிஸ் காஃப்மனிடம் அது செல்லாது. இன்று போலந்திலும் அன்று ருஷ்யச் சாம்ராஜ்யத்திலுமான பியாலிஸ்டாக்கில் பிறந்தவர். ட்ஸீகா வெர்டோவின் தம்பி என்று சொல்லிக் கடந்துவிடுவது சௌகரியம்.

ழான் விகோவின் 'லாட்டலான்ட்' (1934) படத்தில், படகுத் தம்பதியின் மனஸ்தாபம் குளிர்காலக் கால்வாயின் மூட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. அவ்வருஷமே விகோ 29 வயதில் இறந்தார். யுத்தம் காஃப்மனைக் கனடா வழியாக அமெரிக்காவுக்குத் துரத்திற்று; நெடுங்காலம் குறும்படங்கள். 'ஆன் தி வாட்டர்பிரண்ட்' (1954) ஆஸ்கார் தந்தது. அதன் டாக்ஸிக் காட்சி ஸ்டூடியோவில் எடுத்தது. பின்கண்ணாடியில் தெருவைக் காட்ட வசதியில்லை. பலகைத் திரை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பிராண்டோவைப் பேசாதவரில்லை. தெருவை அடைத்ததால் வந்த அந்த நெருக்கத்தை யார் பேசுகிறார்கள்?

'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957) பெரும்பாலும் ஒரே அறை. காமிரா முதலில் கண்மட்டத்துக்கு மேலே, பிறகு கண்மட்டத்தில், கடைசியில் அதற்கும் கீழே. லென்ஸின் குவியத் தூரம் கூடக்கூடச் சுவர்கள் நெருங்குகின்றன. கூரை தலைமேல் வருகிறது. திட்டம் டைரக்டர் லூமெட்டுடையது என்பார்கள். இருக்கட்டும், அது அவருடைய முதல் படம். செலவு குறைக்க, ஒரு திசைக்கு விளக்கமைத்தால் அத்திசை ஷாட்டுகளை, கதையின் வரிசை பாராமல், மொத்தமாக எடுத்தார்கள். அப்படியிருந்தும் உச்சி வெயில் மங்கி, மழை இருட்டு கூடி, அறை விளக்கு எரியும்வரை பொழுது பிசகவில்லை. எந்த ஷாட்டுக்கு எந்த வேளையின் வெளிச்சம் என்ற கணக்கு காஃப்மனுடையது. நடிகர்களின் வியர்வையை நாம் நம்புவது அதனால்தான். கடைசியில் நீதிமன்றப் படிகள், மழை ஓய்ந்த வெளி, அகலக்கோண லென்ஸ்.