'மாணவர் மோதல்' என்றொரு பொய்ச்சொல்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தன் சாதியின் பேரால் வெட்டுப்பட்டால் மறுநாள் பேப்பரில் 'மாணவர்கள் மோதல்' என்று போடுகிறார்கள். மோதல் என்றால் ரெண்டு பக்கமும் மோதியிருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் யார் யாரோடு மோதினார்கள்? கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரிக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறான். புகாராகிறது. அன்று ராத்திரியே வீடு புகுந்து அரிவாளால் வெட்டுகிறார்கள், தடுக்க வந்த தங்கச்சியையும் சேர்த்து. "எதுவா இருந்தாலும் டீச்சர்கிட்ட வந்து சொல்லு" என்று எல்லாப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைத்தான் அவன் செய்தான்.

இப்போது 'புல்லியிங்' என்ற சொல்லும் கருத்தரங்குகளுக்கு வந்துவிட்டது. அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. 1982ன் கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1983ல் அங்கே நாடு தழுவிய இயக்கமே நடந்தது. அதற்கு வழிகாட்டிய ஆய்வாளர் டான் ஓல்வேயுஸ். திரும்பத் திரும்பச் செய்வது, வேண்டுமென்றே செய்வது, பலத்தில் சமமில்லாதவன் மேல் செய்வது என மூன்றையும் சேர்த்துத்தான் அவர் இதை வரையறுத்தார். சமபலமுள்ள ரெண்டு பேர் போடும் சண்டையை அவர் இதில் சேர்க்கவில்லை. பொறுப்பையும் பெரியவர்கள் தலையில்தான் வைத்தார்: இடைவேளையில் மைதானத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும், வகுப்புக்கு விதி வேண்டும், செய்தவனிடமும் அவன் வீட்டாரிடமும் நேராகப் பேச வேண்டும். நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் இதெல்லாம் உதிர்ந்துபோய் கவுன்சிலிங் ஒன்றுதான் மிச்சம். அடித்தவனையும் அடிவாங்கினவனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, "கை குடுத்துக்கங்கப்பா, மறந்துடுங்க." மறந்துவிட்டு எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது?

நம் இலக்கியம் இதை முன்னமே எழுதிவிட்டது. நாம்தான் சரியாக வாசிக்கவில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது மொழியைப் பேசினோம், தன்வரலாறா நாவலா என்று சண்டை போட்டோம். அதில் வருகிற பள்ளிக்கூடத்தை யாரும் பள்ளிக்கூடமாகப் படிக்கவில்லை. சாயங்காலம் விளையாடும்போது தொட்ட தேங்காய் ஒன்று விழுந்துவிடுகிறது. மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளும் கூடி நிற்கிற இடத்தில் தலைமையாசிரியர் அந்தச் சிறுமியைத் திருடி என்கிறார், சாதி சொல்லி ஏசுகிறார், வெளியே துரத்துகிறார். சாமியாரிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பி வர முடிகிறது. அவள் உள்ளே நுழையும்போது மொத்த வகுப்பும் அவளைப் பார்க்கிற அந்தப் பார்வைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பிள்ளைகூட கை ஓங்கவில்லை. ஆனால் யாரை இனி என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை என்பதை அந்த வகுப்பு அன்று கற்றுக்கொண்டுவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் தலைமையாசிரியர்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) இந்தியில், உத்தரப்பிரதேசத்துக் கிராமத்திலிருந்து வருவது. அங்கேயும் இதே கதைதான். தலைமையாசிரியர் பையன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடம் முழுக்கக் கூட்டச் சொல்கிறார். மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த அப்பா பார்த்துவிட்டு, துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து சத்தம் போடுகிறார். பிறகு ஊர்ப் பிரதானிடம் போய் நின்றுதான் பிள்ளையை மறுபடி வகுப்பில் சேர்க்க முடிகிறது. அங்கே பிரதான், இங்கே சாமியார். அரசியல் சட்டம் கொடுத்த படிப்புக்குள் நுழைய இன்னொரு அதிகாரியின் தயவு வேண்டியிருக்கிறது. நார்வே வரையறையில் சொல்லாமல் விட்ட சமமின்மை இது. மணி அடித்ததும் முடிந்துபோகாது. தெருவிலும் பஸ்ஸிலும் கூடவே வரும்.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கூத்தாடுகிற அப்பாவின் வேட்டியை உருவி மாணவர்கள் ஓடவிடுகிற காட்சியை மறக்க முடியாது. ஆனால் அந்த முதல்வர் பாத்திரத்தோடு எனக்கு வழக்கு உண்டு. தானும் ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து வந்தவர், பரியனுக்குத் தெம்பு சொல்கிறார். தியேட்டரில் கைதட்டல். சரி, அந்த நாற்காலிக்கென்று அதிகாரங்கள் இருக்கின்றனவே? விசாரிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீசுக்கு எழுதலாம். எழுதவேண்டிய கை முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. நிர்வாகம் செய்ய வேண்டியதைப் பாதிக்கப்பட்டவனின் வீரத்தின் மேல் ஏற்றிவைப்பது நம் சினிமாவுக்கும் பழகிவிட்டது, நமக்கும் பழகிவிட்டது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கூச்சல் எழுந்தது கயிறு, திலகம் பற்றித்தான். 2019லேயே கல்வித்துறை கயிறு பற்றிச் சுற்றறிக்கை விட, அமைச்சரே பின்வாங்கிய கதை தெரிந்ததுதான். கயிற்றை அறுப்பது வேண்டியதே. ஆனால் அறிக்கையின் கனமான பக்கங்கள் பெரியவர்களைப் பற்றியவை: ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது, ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகப் போடாமலிருப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி இல்லாமலிருப்பது. இதைப் பற்றி டீக்கடையில்கூட ஒரு பயலும் பேசக் காணோம்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சைக்கு பஸ்ஸில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். அறிக்கை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

'கருக்'கின் அந்தப் பக்கங்களை இலக்கிய வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் பி.எட். வகுப்பில் வைத்துப் படிக்க வேண்டும். "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்று வகுப்பு நடுவில் நின்று சொல்கிறவருக்குத் தான் செய்வது என்னவென்று அப்போது தெரியவரும். பாரத்தை ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். இயக்கத் தோழர்கள் தலைமையாசிரியரைப் பார்க்கும்போது மனு கொடுத்து ரசீது வாங்குவதோடு திரும்ப வேண்டாம். ஒரு பிள்ளை புகார் கொடுத்த அன்று யார் பெயர் யாருக்குச் சொல்லப்பட்டது, போலீசுக்கு எத்தனை மணிக்குத் தகவல் போனது, அந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் யாரோடு வீட்டுக்குப் போனது, ராத்திரி அந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.