சரளைப் படுகை

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில், பாகூர்ப் பக்கம் போகும் வழியில் தவளக்குப்பம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை என்றதும் எல்லோருக்கும் கண் சிகிச்சை ஞாபகம் வரும். எனக்கு அதன் கழிவுநீர்தான். அந்த வளாகத்தின் அழுக்குத் தண்ணீரைச் செடியும் கல்லும் சேர்ந்து சுத்தம் செய்து, தோட்டத்துக்குத் திருப்பித் தருகின்றன. முதலில் மூடிய தொட்டியில் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நிற்க, கசடு தானாக அடியில் படிகிறது. பிறகு தண்ணீர் தடுப்புச் சுவர் வைத்த அறைகளில் இறங்கி ஏற, அதிலுள்ள அழுக்கு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. எந்த அவசரமும் இல்லை.

எனக்குப் பிடித்தது அடுத்து வரும் சரளைப் படுகை. மேலே வெயிலில் காய்ந்த கற்கள், மிதித்தால் நறநறவென்னும். தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கொஞ்சம் கிளறினால் ஈரம், கல்லைத் தடவினால் விரலில் வழவழப்பு. அழுக்கைத் தின்கிற உயிர்கள் குடியிருப்பது அந்த மெல்லிய படலத்தில்தான். இப்படிப்பட்ட படுகைகளில் கல்வாழையும் நாணலும் நடுவது வழக்கம். வேர்கள் கல்லிடுக்கில் பின்னிக்கொள்ளும். கடைசியில் திறந்த குளம், காற்றும் வெயிலும் படுவதற்கு. செடி அடர்ந்தால் அறுக்க வேண்டும், சேர்ந்த கசடை அள்ள வேண்டும், கல் அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்து அலசிப் போட வேண்டும். முகம் சுளிக்காமல் இதைச் செய்கிற கைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.