அரக்குப் பிடியும் நீலப் பிடியும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் லேப்டாப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்கள். பழைய ரேக் சர்வருக்கு அந்த மரியாதை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒருக்களித்து, ஒன்றோடொன்று சாத்தி, மேலே கேபிள் மூட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். விலை கேட்டால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும். ஒரு காலத்தில் லட்சங்களில் வாங்கிய சாமான், இப்போது சுமாரான ஆண்ட்ராய்ட் போன் விலைக்கு வந்து நிற்கும்.

ஏன் இந்தக் கதி? கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை சர்வருக்கு 6 வருஷம் ஆயுள் எழுதி வைத்திருக்கிறது. டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் 3 வருஷம்தான். ஆறு முடிந்ததும் கணக்கில் அதன் மதிப்பு தேய்ந்துவிடுகிறது, வாரண்டி ஒப்பந்தம் தீர்கிறது, லாரி வருகிறது. வீட்டுக்காரர்களும் வாங்கமாட்டார்கள். நீளம் எழுபது சென்டிமீட்டரைத் தொடும், எடை இருபது கிலோவைத் தாண்டும், சத்தம் போடும். கழற்றி விற்கலாம் என்றால் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. இத்தனை பேர் வேண்டாம் என்று ஒதுக்கியதால்தான் நம்மைப் போன்ற கிறுக்கர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது.

நான் பரிந்துரைப்பது 2009-10 காலத்து 2யூ பெட்டிகளை. டெல் பவர்எட்ஜ் ஆர்710, எச்பி புரோலயண்ட் டிஎல்380 ஜி7, இந்த இரண்டில் ஒன்று. ஒரு ‘யூ’ என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். 19 அங்குல அகலமும் இந்த அளவும் கம்ப்யூட்டருக்காகப் பிறந்தவையே அல்ல. தொலைபேசி நிலையங்களின் இரும்புச் சட்டங்களிலிருந்து வந்தவை. 1யூ பெட்டி ஒல்லியாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உயரத்துக்குள் 40 மில்லிமீட்டர் ஃபேன்தான் நுழையும். சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறிபிடித்த மாதிரி சுற்ற வேண்டும். எழும் கீச்சுக்குரல் மூன்று அறை தாண்டிக் கேட்கும். 2யூவில் 60 மில்லிமீட்டர் ஃபேன் வைக்க இடம் இருக்கிறது. அதன் சத்தம் மந்தர ஸ்தாயியில் நிற்கும், காது பழகிவிடும்.

மூடியைத் திறப்பதிலிருந்துதான் ரசனை ஆரம்பிக்கிறது. மேலே இருக்கும் தாழ்ப்பாளைத் தூக்கினால் மூடி பின்பக்கமாக நகர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்க்ரூட்ரைவர் தேவையில்லை. மூடியின் உட்புறத்தில் மதர்போர்டின் படம் அச்சிட்டு ஒட்டியிருக்கும்: எந்த ரேம் எந்த வரிசையில், எந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம். உள்ளே பார்த்தால் இரண்டு நிறங்கள் தனித்துத் தெரியும். எச்பி பெட்டியில் அரக்கு நிறப் பிடி இருந்தால் அந்தப் பாகத்தை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம். நீல நிறமாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட வேண்டும். டெல்லில் அரக்குக்குப் பதில் சுட்ட செங்கல் நிறம், நீலம் அதேதான். எழுத்து இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. எங்கோ உட்கார்ந்து இந்தப் பெட்டியை வடிவமைத்தவர், எந்த ஊரிலோ நள்ளிரவு ஷிப்டில் தூக்கக் கலக்கத்தோடு வரப்போகும் ஒரு டெக்னீஷியனை மனதில் வைத்து வண்ணம் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அதற்கும் மேல் எனக்குப் பிடித்தது, யாரும் புகழாத கறுப்பு பிளாஸ்டிக் கூடு. ஃபேன் வரிசைக்குப் பின்னால் ப்ராசஸர்களையும் ரேமையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பலர் அதை வெறும் தூசித் தடுப்பு என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். முன்பக்கம் குளிர்ந்த காற்று, பின்பக்கம் சூடான காற்று என்பது ரேக் சர்வரின் விதி. நடுவில் காற்று சோம்பேறித்தனமாகக் காலி இடத்தைத் தேடிப் போகாமல் ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே புகுந்து போகும்படி கட்டாயப்படுத்துவது இந்தக் கூடுதான். ப்ராசஸர் தலையில் தனி ஃபேன் கிடையாது என்பதைக் கவனித்தால் இதன் அருமை புரியும். கூடு இல்லாமல் விற்கும் பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எது வேண்டுமானாலும் பழுதாகும், எப்போது வேண்டுமானாலும் பழுதாகும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு கட்டிய பொருள் இந்த சர்வர். ஒரு பவர் சப்ளை போதும் என்ற இடத்தில் இரண்டு. ஒரு ஃபேன் நின்றால் மற்றவை வேகம் பிடிக்கும். பசை போட்டு ஒட்டிய பேட்டரியோடு வரும் இன்றைய போனைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ரேமை ஒன்று எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரண ரேமில் எட்டு சில்லு இருக்கும் இடத்தில் ஒன்பது இருக்கும். 64 பிட் தரவோடு 8 பிட் காவலுக்காகக் கூடவே போகிறது; அந்தக் காவல் பிட்டுக்குத்தான் ஒன்பதாவது சில்லு. இதன் பூர்வீகம் ரிச்சர்ட் ஹாமிங். 1940களின் கடைசியில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிலேக்களால் ஆன கணிப்பொறி ஒன்றில் வாரக் கடைசியில் தன் கணக்கை ஏற்றிவிட்டுப் போவார். ஆளில்லாத நேரத்தில் பிழை கண்டால் இயந்திரம் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீடு. அந்த எரிச்சலின் வாரிசு இன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொத்துக் கொத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கிறது. ஆர்710இல் 18 ரேம் ஸ்லாட். ஒரு ப்ராசஸருக்கு ஒன்பது, மூன்று சேனலில் மும்மூன்றாக. வெள்ளை நிறத் தாழ் இருக்கும் ஸ்லாட்டிலிருந்து நிரப்பத் தொடங்க வேண்டும். இதற்கும் நிறம்தான் வழிகாட்டி.

உயிர்ப்பிக்கும் வேலைக்கு அவசரம் ஆகாது. முதலில் புளோயர், மொட்டை மாடியில் வைத்து அடிப்பது உத்தமம். டேட்டா சென்டர் தூசி வீட்டுத் தூசி மாதிரி இருக்காது, சாம்பல் நிறத்தில் மாவாக வரும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பிறகு மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை யோசிக்காமல் மாற்றிவிடலாம். ப்ராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அப்போது சாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். இந்தத் தலைமுறையில் ப்ராசஸரின் அடியில் ஊசி கிடையாது; 1366 ஊசிகளும் மதர்போர்டின் சாக்கெட்டில்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வரிசை வரிசையாகப் பளபளக்கும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வேறு கோணத்தில் மின்னினால் அந்த ஊசி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கடையிலேயே பார்க்க வேண்டிய விஷயம் இது.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஒரேயடியாகப் பொத்தானை அழுத்துபவர்கள் பிறகு எது கோளாறு என்று தெரியாமல் திண்டாடுவார்கள். ஒரு ப்ராசஸர், முதல் ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம், ஒரு பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் எதுவும் வேண்டாம். அது எழுந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். பிளக்கைச் சொருகியதுமே பொத்தானைத் தேடாதீர்கள். டெல் பெட்டிக்குள் ஐடிராக் என்ற குட்டிக் கம்ப்யூட்டர், பெரியவர் தூங்கும்போதும் மின்சாரம் இருக்கும்வரை விழித்திருப்பது, முதலில் எழுந்து உட்காரட்டும். பிறகு அழுத்தினால் ஃபேன்கள் அத்தனையும் முழு வேகத்தில் கிளம்பும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சில நொடிகளில் வேகம் படிப்படியாக இறங்கும். அந்த இறக்கம்தான் நல்ல சகுனம். மதர்போர்டு சென்சார்களோடு பேசத் தொடங்கிவிட்டது.

திரைக்குப் பழைய விஜிஏ கேபிள்தான். ஆர்710க்குள் படம் காட்டுவது மாட்ராக்ஸ் ஜி200 வம்சத்துச் சிப். 1998இல் கிராஃபிக்ஸ் கார்டாக வந்த அது, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மவுசு போனபிறகு சர்வர்களுக்குள் நிரந்தர உத்தியோகம் பார்த்துக்கொண்டது. கறுப்புத் திரையில் நாலு வரி எழுதிக் காட்ட வேண்டும். அதற்கு இது தாராளம்.

ஆர்710இன் நெற்றியில் சின்ன எல்சிடி ஒன்று இருக்கிறது. எல்லாம் நலமென்றால் நீல வெளிச்சம். குறை இருந்தால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, கூடவே குறையின் பெயர். பழைய பெட்டியில் அநேகமாக டபிள்யூ1228 என்று ஒரு வரி ஓடும். ரெய்டு கார்டின் பேட்டரி தளர்ந்துவிட்டது என்பதற்கான குறி. பயப்பட ஒன்றுமில்லை, எழுதவேண்டிய தரவைக் கேஷில் வைத்துக்கொள்ளாமல் நேரே டிஸ்கில் எழுதும், கொஞ்சம் மெதுவாக. எச்பிக்காரர்கள் இதே வேலைக்கு வேறு வழி கண்டார்கள். முன்பக்கத்தில் அழுத்தினால் ஒரு சிறு பலகை வெளியே நீளும். மதர்போர்டின் வரைபடம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு விளக்கு. எது கெட்டதோ அது எரியும். எல்சிடியைவிட அந்தப் பலகை எனக்கு உசத்தி. மொழியே தெரியாதவர்கூட வாசித்துவிடலாம்.

ஐடிராக்கின் பாஸ்வேர்டு யாரும் மாற்றியிருக்காவிட்டால் ‘கால்வின்’ என்றே இருக்கும். முதல் வேலையாக மாற்றுங்கள். உள்ளே போனதும் நான் போகும் இடம் நிகழ்வுப் பதிவேடு. விற்றவர்கள் டிஸ்கை அழித்திருப்பார்கள், இதை அழிக்க யாருக்கும் தோன்றியிருக்காது. மூடி திறந்த தேதி, வெப்பம் எல்லை தாண்டிய தேதி, மின்சாரம் போன தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். என்னிடம் இருக்கும் பெட்டியில் ஒரே பவர் சப்ளைக்கு மட்டும் மின்வரவு போயிற்று, வந்தது என்று மாதா மாதம் பதிவாகியிருக்கிறது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. யுபிஎஸ்ஸை ஒழுங்காகப் பராமரித்த யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் அந்தப் பதிவு நின்றுபோகிறது. அதற்கு அடுத்த வருஷம் வெப்ப எச்சரிக்கைகள் தொடங்குகின்றன.

டிஸ்க் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சாஸ் ஸ்லாட்டில் சாட்டா டிஸ்க் உட்காரும், தலைகீழாக நடக்காது. பெர்க்6 ரெய்டு கார்டு 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை முழுசாகப் பார்க்காது. வேறு பெட்டியிலிருந்து வந்த டிஸ்கைச் சொருகினால் கார்டு உடனே கண்டுபிடித்து, இது அந்நிய அமைப்பு, ஏற்கட்டுமா என்று கேட்கும். நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுற்றும் பழைய சாஸ் டிஸ்க் ஒன்றையாவது ஒருமுறை சொருகிக் கேட்டுப் பாருங்கள். அந்த எழுச்சி இனி வரும் இயந்திரங்களில் கேட்காது. தினசரி உபயோகத்துக்கு எஸ்எஸ்டியே போதும். மேலே ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால் ஒரே பெட்டிக்குள் பத்துப் பதினைந்து மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஆட்டலாம். லினக்ஸ் கற்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஃபேனைப் பிடுங்கிவிட்டு வேறு ஃபேன் வைத்து ஒயரை ஒட்டுப்போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஐபிஎம்ஐ கட்டளை வழியாக வேகத்தைக் குறைக்கலாம். அதையும் சென்சாரைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். டெல் இந்தப் பெட்டிக்குச் சொல்லும் அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் சென்னை வீட்டுப் பரண் மேலே வைத்துவிட்டு ஃபேனையும் அமுக்கினால் அது நம் தப்பு. மாடிப்படிக்கு அடியில், ஸ்லாட்டட் ஆங்கிளில் அடித்த ரேக்கில், பின்பக்கம் ஒரு முழம் இடம் விட்டு வைப்பது நல்லது. எர்த் சரியாக இருக்கிற பிளக்காகப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் இந்தப் பவர் சப்ளைகள் முரண்டு பிடிக்கும். சைன் வேவ்தான் ஒத்துவரும்.

கரண்ட் பில்லை மறைத்துப் பேச முடியாது. இரண்டு ப்ராசஸரோடு சும்மா இருக்கும்போதே 150 வாட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 3.6 யூனிட், இரண்டு மாத ரீடிங்குக்கு 216. 2016இல் வந்த 100 யூனிட் இலவசத்தை இது ஒண்டியாகவே 28 நாளில் தின்றுவிடும். உள்ளங்கை அளவு மினி கம்ப்யூட்டர் இதே வேலையில் பெரும்பங்கை இதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்யும். கணக்குப் பார்ப்பவர்கள் அதை வாங்கட்டும். இதை வைத்திருப்பவர்கள் வேண்டும்போது மட்டும் ஐடிராக் வழியாக எழுப்பி, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். 95 வாட் எக்ஸ்5670 ப்ராசஸரைக் கழற்றிவிட்டு 60 வாட் எல்5640 போடலாம். அதிலும் ஆறு கோர் உண்டு. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் இரண்டாவது ப்ராசஸரையே எடுத்துவிடலாம். பாதி ரேம் ஸ்லாட் போகும், பரவாயில்லை. ஆனால் காலியான சாக்கெட் மேல் ஹீட்சிங்க் வடிவத்தில் வரும் பிளாஸ்டிக் பிளாங்கைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விடும், மிச்சமிருக்கும் ப்ராசஸர் வேகும். கடைக்காரர் அது என்ன என்று கேட்பார். படிக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைக் கிளறினால் ஒன்று இருக்கும்.